மோதிர விரலில் பாதி

பிப்ரவரி 9, ஞாயிறு

தம்பி கடைக்குப் போய் முடி வெட்டிக்கொண்டு வந்தேன். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, மதியம் இரண்டு மணிக்குக் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு எனக்கு வெட்டுவான். பதினெட்டு வருடமாக இதுதான் வழக்கம். கழுத்தோடு ஒட்ட வெட்டிய தலை ஒரு பொம்பளைக்கு எதற்கு என்று கேட்ட உறவுக்காரர்களெல்லாம் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்கள்.

இன்றைக்குக் கத்தரிக்கோல் அவன் கையை விட்டு விழுந்தது. இரண்டு முறை. இரண்டாவது முறை என் மடியில்.

"கண்ணு எங்கடா இருக்கு?" என்றேன்.

"கண்ணு சரியாத்தான் இருக்கு. விரல்தான் லீவு கேக்குது."

சுண்டு விரலும் மோதிர விரலில் பாதியும் மூன்று மாதமாக மரத்துக் கிடக்கிறதாம். முடி வெட்டுகிறவர்கள் கத்தரிக்கோலைக் கட்டை விரலிலும் மோதிர விரலிலும்தான் மாட்டுகிறார்கள், சுண்டு விரல் அதன் வாலில் உட்கார்ந்திருக்கிறது. இத்தனை வருடம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தும் இன்றுதான் கவனித்தேன். சாப்பாடு கொண்டுவந்த தம்பி மனைவி சிரித்தாள்.

"கேளுங்கக்கா இந்தக் கதைய. ஒரே விரல்ல பாதி மட்டும் மரத்துப்போச்சாம். மீதிப் பாதி என்ன பண்ணுதாம்?"

அவனும் சேர்ந்து சிரித்தான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மோதிர விரலை இரண்டு நரம்புகள் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன. சுண்டு விரல் பக்கத்துப் பாதி மரத்துப்போனால் அது எந்த நரம்பு, எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று இருபத்திரண்டு வருடம் எக்ஸ்ரே எடுத்தவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சட்டைக் கையை ஏற்றிக் காட்டு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அந்த முழங்கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 10, திங்கள்

வலது காதுக்கு மேலே முடி ஏறியிருக்கிறது. பதினெட்டு வருடத்தில் முதல் தடவை.

பிப்ரவரி 13, வியாழன்

இன்றைக்கு முழங்கை எக்ஸ்ரே மட்டும் ஆறு. சைக்கிளிலிருந்து விழுந்த மாணவி, ஏணியிலிருந்து விழுந்த பெயிண்டர், குளியலறையில் வழுக்கிய தபால்காரர். "நீட்டுங்க. உள்ளங்கை மேல பாக்கட்டும். அசையாதீங்க." வாய் தன் பாட்டுக்குச் சொல்கிறது.

கூட்டம் ஓய்ந்ததும் என் கையையே மேஜைமேல் வைத்துத் தடவிப் பார்த்தேன். மேற்கையில் ஒரே எலும்பு. முன்பக்கம் மடக்குகிற தசை, பின்பக்கம் நீட்டுகிற தசை, நடுவே அது உருளையாக இறங்குகிறது. முழங்கைக்கு வந்ததும் தட்டையாக அகன்று இரண்டு பக்கமும் ஒரு புடைப்பாக முடிகிறது. உள்பக்கப் புடைப்புக்குப் பின்னால் ஒரு சின்னப் பள்ளம். அந்த நரம்பு அதற்குள்தான் ஓடுகிறது, மேலே தோலைத் தவிர மறைப்பு ஒன்றும் கிடையாது. கதவில் இடித்துக்கொண்டால் சுரீரென்று சுண்டு விரல்வரை பாயுமே, எலும்பில் பட்டுவிட்டது என்பார்கள் எல்லாரும். எலும்பாவது ஒன்றாவது! நரம்பு.

கை ஒழுங்காக இருந்தால் அதற்கு அந்தப் பள்ளம் போதும். கை வெளிப்பக்கமாகக் கோணியிருந்தால் மடக்கும் ஒவ்வொரு தடவையும் நரம்பு இழுபடும். ஒரு நாளில் ஒன்றும் ஆகாது. ஒரு வருடத்தில் ஒன்றும் ஆகாது. முப்பத்தாறு வருடம் அப்படியே கிடந்து, அதில் பாதிக்கு மேல் நாள் முழுக்கக் கையை மடக்கி மடக்கி ஊரார் தலையை வெட்டினால் —

வேண்டாம். தூங்கப் போகிறேன்.

மார்ச் 2, ஞாயிறு

தம்பி மனைவி போன் செய்தாள். இன்று அவள் குரலில் கேலி இல்லை. சவரம் செய்யும்போது கணக்கு வாத்தியாரின் காது மடலைக் கீறிவிட்டானாம். வாத்தியார் நல்ல மனிதர், பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே, "காது ரெண்டு இருக்கு மாஸ்டர், கவலப்படாதீங்க" என்றாராம். அதற்குப் பிறகு இவன் யாருக்கும் கத்தியைத் தொடவில்லை. கடை நாற்காலியில் தானே உட்கார்ந்து கையையே பார்த்துக்கொண்டிருந்தானாம்.

"அவருக்கு இந்தக் கை இல்லேன்னா என்னக்கா தெரியும்? வேற என்ன வேல செய்வாரு?"

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு அனுப்பு என்றேன்.

மார்ச் 4, செவ்வாய்

வந்தான். நானே எடுத்தேன். என் ஷிப்டில் கூட வேலை பார்க்கும் இளையவள் எடுக்கட்டும் என்றுதான் நினைத்தேன், ஆனால் அவள் படம் எடுத்தால் ஓரம் எப்போதும் வெட்டுப்படும்.

சட்டையைக் கழற்றினான். கையை மேஜைமேல் நீட்டச் சொன்னேன். தோளிலிருந்து முழங்கைவரை ஒரு திசை, முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வேறொரு திசை. பள்ளிக்கூடத்தில் அவனைக் கோணக்கை என்றுதான் கூப்பிட்டார்கள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை இருக்க வேண்டிய இடம் குழிந்துபோயிருக்கிறது. எப்போது போயிற்று? மாதா மாதம் இந்தக் கை என் தலைமேல்தானே இருந்தது, நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

"அசையாதே."

"இத நான் ஒரு நாளைக்கு நூறு தடவ சொல்றேன். எனக்கேவா?" என்றான்.

நான் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போனதும் இளையவளிடம் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டான். அவன் கடைக்கு வருகிற எல்லாருக்கும் மனப்பாடமான கதை. "எங்கக்கா ஒம்பது வயசுலயே எனக்குக் கட்டுப் போட்டவம்மா. நான் செவுத்து மேலேருந்து விழுந்துட்டேன், அஞ்சு வயசு. வீட்ல பெரியவங்க யாரும் இல்ல. இவதான் துணியக் கிழிச்சுக் கட்டி, தூக்கித் தூக்கி வெச்சுக்கிட்டு... அப்பவே டாக்டர் மாதிரி."

இளையவள் என்னைப் பெருமையாகப் பார்த்தாள். நான் பொத்தானை அழுத்தினேன்.

படத்தில் எல்லாம் தெரிந்தது. வெளிப்பக்கப் புடைப்பின் ஒரு துண்டு, கட்டை விரல் நகம் அளவு, தாய் எலும்போடு ஒட்டாமல் தனியாக நிற்கிறது. முப்பத்தாறு வருடமாக அப்படியே நிற்கிறது. கோணத்தை அளந்தேன். பத்துப் பன்னிரண்டு டிகிரி இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்துநான்கு.

"என்னக்கா தெரியுது?"

"டாக்டர் சொல்லுவார்."

எத்தனை ஆயிரம் பேரிடம் இதைச் சொல்லியிருப்பேன். எங்களுக்கு இருக்கும் விதி அது. இன்றைக்கு அந்த விதிக்குப் பின்னால் நன்றாக ஒளிந்துகொண்டேன்.

மார்ச் 6, வியாழன்

எலும்பு டாக்டர் அவன் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு காகிதத்தைக் கொடுத்து, இறுக்கிப் பிடிக்கச் சொல்லி இழுத்தார். வந்துவிட்டது. இன்னொரு தடவை. பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தான். அதுவும் வந்துவிட்டது. ஒரு துண்டுக் காகிதம்.

"அடிபட்டு எத்தன நாள் கழிச்சுக் காட்டினீங்க?"

"மறுநாளே டாக்டர். எங்கம்மா ஊர்லேருந்து வந்ததும் தூக்கிட்டு ஓடினாங்க. அதுக்கு முன்னாடியே எங்கக்கா கட்டுப் போட்டுட்டா."

டாக்டர் படத்தை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். "உடனே பாத்து எலும்ப எடத்துல வெச்சிருந்தா பெரும்பாலும் சேந்திருக்கும். சரி, நடந்தது நடந்துபோச்சு" என்றார். நரம்பைப் பள்ளத்திலிருந்து எடுத்து முழங்கையின் முன்பக்கம் மாற்றிவிடலாம், இனிமேல் இழுபடாது. போன சதையும் உணர்ச்சியும் திரும்புமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

இரண்டாம் ஞாயிறு. கடை மூடிக் கிடக்கிறது. இங்கேயாவது எழுதித் தொலைக்கிறேன்.

பெரியம்மாவுக்கு ஆபரேஷன் என்று அம்மா ஊருக்குப் போனாள். "தம்பியப் பாத்துக்கோ" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். அப்பா பஸ் ஓட்டுகிறவர், விடியும் முன் கிளம்பினால் நாங்கள் தூங்கிய பிறகுதான் வருவார். முதல் நாளே அவன் என் பென்சில் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கச் சுவர்மேல் ஏறி உட்கார்ந்து பழித்துக் காட்டினான். நான் காலைப் பிடித்து இழுத்தேன். அவன் விழவில்லை. நான் இழுத்தேன்.

கையை ஊன்றி விழுந்தான். முழங்கை பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது. அம்மாவின் பழைய துணியைக் கிழித்துச் சுற்றினேன். அவன் வீடே இடிகிற மாதிரி அழுதான். பக்கத்து வீட்டில் கேட்டுவிடும் என்று பயம். அப்போது சொன்னேன் — "நீ அழுதா அம்மா திரும்பி வரமாட்டா. யார்கிட்டயாவது சொன்னாலும் வரமாட்டா."

உடனே நிறுத்திவிட்டான். ஐந்து வயதுக் குழந்தை, எப்படித்தான் அடக்கினானோ. உதடு மட்டும் துடித்துக்கொண்டே இருந்தது.

பதினோரு நாள். மறுநாள் இல்லை, பதினோரு நாள்! அப்பாவின் முழுக்கைச் சட்டையைப் போட்டுவிட்டேன். இடுப்பிலேயே தூக்கி வைத்துக்கொண்டேன், ஊட்டிவிட்டேன், கதை சொன்னேன். தினமும் கட்டைப் பிரித்துப் பார்ப்பேன். அவன் கையைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக் கேட்பான், "நேரா இருக்கா அக்கா?"

"நேராத்தான் இருக்கு."

அம்மா வந்ததும் நேற்று விழுந்தான் என்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு, என் பொண்ணு இல்லேன்னா என்ன ஆகியிருக்கும் என்று அழுதாள். அதோடு அது கதையாகிவிட்டது. அம்மா சாகும்வரை சொன்னாள். இவன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

ஒன்பது வயது, குழந்தைதானே என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பத்து வயதில் சொல்லியிருக்கலாம். இருபது வயதில் சொல்லியிருக்கலாம். எலும்பைப் பற்றிப் படித்து முடித்த அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். அன்றைக்கு நான் குழந்தை இல்லையே.

மார்ச் 19, புதன்

தம்பி மகள் அறிவியல் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கை எலும்புகள் படம் வரைந்து பாகம் குறிக்க வேண்டுமாம். மேற்கை எலும்பு, முன்கை எலும்புகள் இரண்டு, மூட்டு எல்லாம் பென்சிலில் போட்டுக் கொடுத்தேன்.

"அத்த, புக்ல இருக்கற மாதிரி நேரா வரையணுமா, இல்ல அப்பா கை மாதிரி வரையலாமா?"

புத்தகத்தில் இருக்கிற மாதிரி வரை என்றேன். தலைவலி என்று சொல்லி அவளைச் சீக்கிரம் அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஆபரேஷன் முடிந்தது. ஒன்றேமுக்கால் மணி நேரம். நரம்பு இடம் மாறிவிட்டது. நன்றாகவே செய்திருப்பதாக டாக்டர் சொன்னார். தம்பி மனைவி என் தோளில் சாய்ந்துகொண்டு, "நீங்க இருக்கற தைரியந்தான்க்கா" என்றாள்.

ஏப்ரல் 10, வியாழன்

சொல்லிவிட்டேன்.

மதியம் தம்பி மனைவி வீட்டுக்குப் போயிருந்தாள். வலது கையில் பெரிய கட்டு. இடது கையால் அவன் தட்டோடு மல்லுக்கட்டுவதைப் பார்க்கச் சகிக்காமல் நான் வாங்கி ஊட்டினேன். சிரித்தான். "அப்பவும் இப்டித்தான் ஊட்டிவிட்டே. எனக்கு வலி ஞாபகமே இல்லக்கா. உன் இடுப்புலயே கெடந்தேனே, அதுதான் ஞாபகம். சின்ன வயசுல நல்ல நாளுன்னா எனக்கு அந்த நாளுங்கதான்."

அந்த வாயை என்ன செய்வது. தட்டைக் கீழே வைத்தேன். பென்சில் பெட்டியிலிருந்து ஆரம்பித்தேன்.

முடித்ததும், "எத்தன நாள்?" என்றான்.

"பதினொண்ணு."

"கை போனா போவுது. சின்னப் புள்ள செஞ்சது. அம்மா வரமாட்டான்னு சொன்னியா?"

"சொன்னேன்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு பேசினான். குரலே ஏறவில்லை. "அம்மாவ எடுத்துட்டுப் போறப்ப எல்லாரும் என்னப் பாத்து என்ன சொன்னாங்க? பெத்தவளுக்குக்கூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடல, கல்லு மனசுக்காரன்னு சொன்னாங்க. நானும் அப்டித்தான் நெனச்சிட்டிருந்தேன். தொண்டை வரைக்கும் வரும், அழக்கூடாது அழக்கூடாதுன்னு உள்ள ஒண்ணு அடிச்சுக்கும். எதுக்குன்னே தெரியாது. என் பொண்ணு பொறந்தப்பவும் அப்டித்தான். நீ அப்ப என் பக்கத்துலதானேக்கா நின்னே?"

ஆமாம். பக்கத்தில்தான் நின்றேன். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உனக்குத் தெரியும். தெரிஞ்சும் நின்னே. நான் கடைக்கு வர்றவங்கிட்டல்லாம் எங்கக்கா எங்கக்கான்னு..." நிறுத்திவிட்டான். "போக்கா. கொஞ்ச நாளைக்கு என் கண்ணு முன்னாடி வராத."

அப்போதும் அழவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

தட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவன் பாதிகூடச் சாப்பிட்டிருக்கவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

தையல் பிரித்தார்களாம். இளையவள்தான் சொன்னாள். என் பிரிவைத் தாண்டித்தான் போக வேண்டும், அவன் பின்வாசல் வழியாகப் போயிருக்கிறான்.

மே 11, ஞாயிறு

மதியம் இரண்டு மணிக்குச் செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். பிறகு கழற்றிவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

தம்பி மனைவி எக்ஸ்ரே அறை வாசலில் வந்து நின்றாள். அவனைப் பரிசோதனைக்கு அழைத்து வந்திருக்கிறாள், அவன் டாக்டர் அறையில். அவளிடம் அவன் ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"என்னக்கா உங்களுக்குள்ள? ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு. அவரக் கேட்டா எழுந்து போயிடறாரு."

தப்பு என்மேல்தான், அவனிடம் கோபித்துக்கொள்ளாதே என்றேன். கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். வலி இல்லையாம். சதை திரும்பவில்லை. காகிதம் இன்னும் நழுவுகிறது. மோதிர விரலில் அந்தப் பாதி அப்படியேதான் இருக்கிறது. இனிமேல் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள் என்று டாக்டர் இன்றைக்குச் சொல்லிவிட்டாராம். சொல்லிவிட்டு அவள் அழுதாள். நான் அவளுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். எனக்கு அழ என்ன உரிமை இருக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

முடி காதை மூடிவிட்டது. "வளக்கறீங்களாக்கா? நல்லாருக்கு" என்றாள் இளையவள். போய் வேலையைப் பார் என்று எரிந்து விழுந்தேன். பாவம் அவள்.

எங்கள் தெருமுனையிலேயே ஒரு கடை இருக்கிறது. போக மனம் வரவில்லை.

ஜூலை 5, சனி

தம்பி மகள் வந்திருந்தாள். அப்பாவுக்குத் தெரியாமல் வந்தாளாம். பெரிய மனுஷி மாதிரி எல்லாம் சொன்னாள். அப்பா இடது கையால் பழகுகிறார். பலூனை ஊதி, சோப்பு நுரை பூசி, கத்தியால் வழிக்கிறார். தொழில் கற்றுக்கொள்கிறவர்கள் அப்படித்தான் ஆரம்பிப்பார்களாம். நாற்பத்தொரு வயதில் முதலிலிருந்து.

"நேத்து மட்டும் பதினாறு பலூன் வெடிச்சுது அத்த. அம்மா காதுல பஞ்சு வெச்சுக்கிட்டு சமைக்கறாங்க."

இரண்டு பேரும் சிரித்தோம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இரண்டாம் ஞாயிறு. இன்றைக்குச் செருப்பைக் கழற்றவில்லை.

கடைக் கதவு பாதி சாத்தியிருந்தது. அவன் உள்ளே பெருக்கிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். போ என்று சொல்லவில்லை. நான் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அவன் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து துணியைப் போர்த்தி, கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போட்டான். வலது கையால் ஒரு முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டு இடது கையால் போட்டான். நேரமாயிற்று. சீப்பு வலது கையில், கத்தரிக்கோல் இடது கையில். அது புதிது, இடதுகைக்காரர்களுக்கென்று செய்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவே நின்று யோசித்தான். பத்து நிமிட வேலை முக்கால் மணி நேரம் ஆனது. கண்ணாடியில் அவன் என் தலையைத்தான் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை.

கடைசியில் ஓரடி பின்னால் தள்ளி நின்றான். நான்கு மாதம் கழித்து அவன் வாயிலிருந்து எனக்கென்று வந்த முதல் பேச்சு.

"நேரா இருக்கா?"

கண்ணாடியில் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டான். அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. தெரிந்து கேட்டானா, தொழில் பழக்கத்தில் கேட்டானா, எனக்குத் தெரியாது. நேராத்தான் இருக்கு என்று வாய்வரை வந்துவிட்டது. பாவம், எவ்வளவு பாடுபட்டு வெட்டியிருக்கிறான்.

"இல்லடா. கோணலா இருக்கு. வலது பக்கம் ஏறிப்போச்சு."

அவன் கத்தரிக்கோலை மாட்டிக்கொண்டு என் வலது பக்கம் வந்து நின்றான். ஆனால் வெட்டவில்லை. அவன் மூச்சு மட்டும் கேட்டது.

"அசையாம உக்காருக்கா" என்றான். குரல் உடைந்திருந்தது.

கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. தண்ணீர் தெளிக்கிற பாட்டில் எட்டாத தூரத்தில், அலமாரியில்தான் இருந்தது. நான் அசையவில்லை.